தவணை

"எதில புள்ள பிஎச்டி?" எண்டு ஊரில கேட்டால், "குற்றவியல் நீதிக் கொள்கை" எண்டு சொல்லுவன். "அப்ப லோயரா, பொலிசா?" எண்டது அடுத்த கேள்வி. ரெண்டும் இல்லை. சட்டம் சொல்வதற்கும் மனிசருக்கு நடப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளக்கிற வேலை. இப்பதான் முதல் வருடம்.

என்ட ஊர் புளியந்தீவு. எங்கட சிறைச்சாலை என்றதும் பெரியாக்கள் 1983ஐத்தான் சொல்லுவினம். ஜூலையில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பினவர்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 23ஆம் திகதி சிறை உடைந்தது. சின்ன வயதில் தப்பியோடின கதைதான் பிடித்தது. பிறகுதான் யோசித்தேன்: அதில் பலருக்கு அப்போது தீர்ப்பே வந்திருக்கவில்லை. தீர்ப்பு வராத ஒருவரை எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம்?

பட்டம் முடித்து வேலை தேடின காலத்தில், ஒரு கொப்பியோடு நீதிமன்றத்தில் போய் உட்காரத் தொடங்கினேன். திறந்த மன்றில் யாரும் உட்காரலாம். வழக்குகளை விட தவணைகளைத்தான் நிறைய எழுதினேன். "14 நாள் விளக்கமறியல்" என்பதோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடும். வீட்டில் அதுக்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கும். நாட்கூலி நிற்கும், பிள்ளையின்ட டியூசன் நிற்கும், அம்மா சாப்பாட்டுப் பையோடு பஸ் ஏறுவா.

1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனால் இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் தண்டனை பெறாதவர்கள்.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கு. மூன்று வருடத்துக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். 1982இல் அந்தக் காலவரையறையை எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. அதன் கீழ் தடுப்புக் கட்டளையில் 18 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022இல்தான் அது 12 மாதமானது.

"உன்ட ஆராய்ச்சியால ஆருக்கு மச்சி பிரயோசனம்?" எண்டு சிநேகிதி கேட்டாள். அந்த 18, 12 ஆனதைத்தான் காட்டினேன். காகிதத்தில் ஒரு இலக்கம் மாறினது, உள்ளே இருக்கிற ஒருவருக்கு ஆறு மாதம். அடுத்த இலக்கத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்பதென்றால் கையில் கணக்கு வேணும். எத்தனை தவணை, ஏன் தள்ளிப்போனது, வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது? இதை எண்ணுவதற்குச் சட்டம் படித்தவர்கள் மட்டும் போதாது. புள்ளிவிபரம் தெரிஞ்சவர், சிங்களமும் தமிழும் தெரிஞ்சவர், பொறுமையாக உட்கார்ந்து கேட்கத் தெரிஞ்சவர் எல்லாரும் வேணும். நீங்களும் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கோ.