தணிகை மலையில் பாதி வழி

கோடை இதழுக்கு மலைப் பிரயாணக் கட்டுரைகள் வேண்டும் என்றார் ஆசிரியர். ஊட்டியையும் கொடைக்கானலையும் ஏற்காட்டையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்ட பிறகு, என் பக்கம் திரும்பி, "உம்முடைய ஊரில்கூட ஒரு மலை இருக்கிறதே, ஐயா?" என்று கேட்டார்.

இருக்கத்தான் இருக்கிறது. திருத்தணி மலை. ஆனால் குளிர்ச்சியை நாடி யாரும் அங்கே வந்துவிடக் கூடாதே என்ற கவலையில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் வானிலை அறிக்கை படிக்கும் நேயர்களுக்கு எங்கள் ஊரின் பெயர் நன்றாகப் பழகியிருக்கும். வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு வெயிலில் முதலிடம் பிடிக்கப் பார்க்கிற ஊர் அது. சூரபத்மனோடு போர் புரிந்த முருகப் பெருமானின் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதனால்தான் கந்த சஷ்டியின்போது மற்ற ஊர்களைப் போல இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். கோபம் தணிந்தது சரி. வெயில் இன்னும் தணிந்தபாடில்லை.

சென்னை சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால், அரக்கோணத்தில் வண்டி வடக்கே திரும்பும். அங்கிருந்து பெட்டிக்குள் பேச்சும் கொஞ்சம் திரும்பும். ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் தாயாரை நாங்கள் பாட்டி என்று கூப்பிட்டதில்லை, அவ்வாதான். அவ்வா பிறந்தது நகரியில்.

1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அதனோடு போயிற்று. திருத்தணியும் சேர்ந்துதான். ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். கிளர்ச்சிகள், கைதுகள், பிறகு படாஸ்கரின் சிபாரிசு. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. அப்போது அவ்வாவுக்குப் பதின்மூன்று வயது. ஐந்து வருஷம் கழித்துத் தாத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு திருத்தணிக்கு வந்தாள். "தாய்வீட்டுக்குப் போய் வர்றதுக்கு ஒரு மணி நேர பஸ்கூட இல்ல. ஆனா ஊர்ல, 'ஏம்மா, வேற ராஜ்யத்துலேயா பொண்ணு குடுத்தீங்க'ன்னு எங்கம்மாவைக் கேட்டாங்களாம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

தாத்தா இருந்தவரை ஆடிக் கிருத்திகைக்கு இருவரும் படியேறித்தான் போவார்கள். அவர் காலமான பிறகு பத்து வருஷமாக அவ்வா படி ஏறவில்லை. முழங்கால் வலி. மேலே வரை மோட்டார் ரஸ்தா இருக்கிறது, வண்டியில் போனால் போதும் என்று டாக்டரும் சொன்னார், அம்மாவும் சொன்னாள். நான் மலையேற்றக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவ்வா, "அப்போ நானும் வரேன், நாயனா. நடந்துதான்" என்றாள்.

அம்மா கூடாது என்றாள். நான் அவ்வாவின் கட்சியில் சேர்ந்துகொண்டேன். பேரன் பாசம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். எழுபத்தெட்டு வயதுக் கிழவி படியேறுகிறாள் என்றால் கட்டுரைக்கு நன்றாயிருக்குமே என்ற நினைப்புத்தான் அது.

திருத்தணிப் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. வருஷத்தின் நாட்கள் எத்தனையோ அத்தனை. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்காரத் துரைகளுக்குச் சலாம் போட ஜனங்கள் ஓடிய காலத்தில், முதலில் தணிகைத் துரையைப் பாருங்கள் என்று சொல்லி, 1917 டிசம்பர் 31-ல் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். இன்றும் அந்த இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் ஏறுகின்றன. மார்கழிப் பனியில் ஏறுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது மே மாதத்தில் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

விடியற்காலை நாலரை மணிக்கே அவ்வா குளித்து, மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பத்திரிகைப் போட்டோக்காரரோ வெளிச்சம் நன்றாக வரட்டும் என்றார். நானும் தலையாட்டினேன். முதல் படியில் அவ்வா கால் வைத்தபோது மணி ஏழரை.

படிக்குப் படி குனிந்து மஞ்சள் தடவினாள், குங்குமம் வைத்தாள், நிமிர்ந்தாள், தெலுங்கில் எண்ணினாள். நான் பின்னால் தமிழில் எண்ணிக்கொண்டு வந்தேன். நூறு வரை இருவர் கணக்கும் ஒத்துப்போயிற்று. பிறகு ஒரு திருப்பத்தில் உதைத்தது. வடக்கே நகரி மலைகள் தெரிந்தன. அந்தக் காலத்தில் சென்னையை நோக்கி வந்த மாலுமிகள் கடலிலிருந்தே நகரி மூக்கை அடையாளம் பார்த்துக்கொள்வார்களாம். அவ்வாவுக்கு அது பிறந்த வீட்டு மலை. கண்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். போட்டோக்காரர் மளமளவென்று படம் எடுத்துத் தள்ளினார்.

வெயில் ஏறிவிட்டது. "நூட்ட எனபை ஏடு" என்று சொல்லிவிட்டு அவ்வா அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். என் கணக்கில் அது நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. அதைச் சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். உதடு வெளுத்திருந்தது. கை நடுங்கிற்று. மோர் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்து, முந்தானையை நனைத்து அவ்வாவின் கழுத்தில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "வயசானவங்கள இந்நேரத்துக்கா கூட்டியாருவ? படிச்சவன்தானே நீ?" என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

கொஞ்சம் தெளிந்ததும், "அவ்வா, இறங்கிடலாமா?" என்றேன். மேலே ஒரு முறை பார்த்தாள். மிச்சமிருந்த குங்குமத்தை எடுத்து அந்தப் படியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். "சரி, இறங்கு" என்றாள். நானும் போட்டோக்காரரும் ஆளுக்கொரு தோள் கொடுத்துக் கீழே அழைத்து வந்தோம். ஆட்டோவில் ரஸ்தா வழியாக மேலே போய்த் தரிசனம் செய்தோம். கர்நாடக சங்கீதக் குழந்தைகள் சரளி வரிசை தொடங்கும் அதே மாயாமாளவகௌளையில் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது இந்தச் சந்நிதியில்தான். வழக்கமாக நான் அதைப்பற்றி அவ்வாவிடம் அளந்திருப்பேன். அன்று பேசவில்லை.

வெளியே வந்ததும் அவளே சொன்னாள்: "சாமியைப் பார்த்தாச்சு. படி பாக்கி இருக்குது."

வெயில் சாய்ந்த பிறகு, நந்தியாற்றுப் பக்கமுள்ள வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். மலைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. சின்னஞ்சிறு கோயில், பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்த விமானம், முழுவதும் கருங்கல். ஒன்பதாம் நூற்றாண்டில் அபராஜித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. அந்தத் திருப்பணியைப் புகழ்ந்து சுவரில் ஒரு வெண்பா இருக்கிறது. பாடியவர் அரசரே என்று கல்வெட்டே சொல்கிறது! பல்லவப் பேரரசின் கடைசி மன்னன் அவன். சோழர்களிடம் ராஜ்யம் போயிற்று. பாட்டு மட்டும் சுவரில் இருக்கிறது.

அவ்வா படித்தது நகரியில், ஐந்தாம் வகுப்பு வரை, தெலுங்கில். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. கல்லின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "என்ன எழுதியிருக்குது, படி" என்றாள். குனிந்து பார்த்தேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய எழுத்து, எம்.ஏ. படித்த எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

"எனக்கும் தெரியல, அவ்வா."

"நீயும் என்னை மாதிரிதானா!" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

இரண்டு நாள் அவகாசம் உள்ளவர்கள் காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்ற திருவாலங்காட்டையும் பார்க்கலாம். சோளிங்கர் நரசிம்மர் மலைக்கு ஆயிரத்து முந்நூற்று ஐந்து படிகள். 2024 முதல் அங்கே ரோப் கார் ஓடுகிறது. எந்த மலையானாலும் விடியுமுன் ஏறிவிடுங்கள். போட்டோ எப்படி வந்தாலும் பரவாயில்லை.

ஸ்டேஷனில் என்னை வழியனுப்ப வந்த அவ்வா, வண்டி நகரும் சமயத்தில் ஜன்னலருகே வந்து, "நாயனா, டிசம்பர் கடைசியில உங்க ஆபீஸ்ல லீவு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

அச்சுக்குப் போகுமுன் ஆசிரியர் இதை எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன்: டிசம்பர் 31, ஜனவரி 1. இரண்டு நாட்கள்.