புள்ளி இல்லாத சூரியன்

2019-இல் பெரும்பாலான நாட்கள் சூரியனில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. மலேசியாவின் யோங் பெங்கில் டியூஷன் நடத்தும் எனக்கு அது வசதியாகப் போயிற்று. கரும்புள்ளி என்றால் காந்தம். புள்ளி இல்லையா, காந்தமும் இல்லை. பாடம் முடிந்தது.

அந்த டிசம்பர் 26-இல் சூரிய கிரகணம். அதையொட்டி என் மாணவன் ஒருவன் அறிவியல் போட்டிக்குச் சுவரொட்டி தயாரித்தான். ‘புள்ளி இல்லாத இடத்திலும் சின்னச் சின்னக் காந்தப்புலங்கள் உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். எங்கே படித்தாய் என்றுகூடக் கேட்காமல் சிவப்பு மையால் அடித்தேன். 1908-இல் வானியலாளர் ஜார்ஜ் ஹேல் காந்தப்புலத்தைக் கண்டது கரும்புள்ளியில்தான் என்று ஒரு சிறு பிரசங்கம் வேறு. போட்டியில் நடுவர், புள்ளி இல்லாத இடத்தில் காந்தப்புலம் உண்டா என்றே கேட்டிருக்கிறார். பையன் என் பதிலைச் சொல்லியிருக்கிறான். பரிசு வேறு யாருக்கோ போனது.

2023 செப்டம்பரில் சூரியனை ஆராய இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் கிளம்பியபோது, பிள்ளைகளுக்குச் சொல்வதற்காக மறுபடி படிக்க உட்கார்ந்தேன். ஒரு பத்தியைத் தாண்ட முடியவில்லை. காந்தப்புலம் இருந்தால் நிறமாலைக் கோடு பிளக்கும். அந்த ஒளியின் முனைவாக்கத்தை அளந்துதான் வடமுனை, தென்முனை என்று பிரித்தறிகிறார்கள். சூரியனின் பரப்பில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் அகலத்தில் கொதித்தெழும் குமிழ்கள், சில நிமிடங்களே வாழ்பவை. அவற்றின் இடுக்குகளில் இரு முனைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. தொலைநோக்கியால் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவி பூஜ்யம் காட்டும். 2006-இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹினோடே விண்கலம், ஐம்பது சென்டிமீட்டர் தொலைநோக்கியால் இருநூறு கிலோமீட்டர் அளவு வரை பிரித்துப் பார்த்தது. அமைதியான பகுதி என்று பெயர் வாங்கிய இடமெங்கும் காந்தப்புலம்.

மெதுவாகத் தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில், வருடக்கணக்காக நானே ஒட்டி வைத்திருந்த கொடைக்கானல் வானாய்வகப் படம். கால்சியம் ஒளியில் எடுத்த சூரியன். புள்ளிகளுக்கு வெளியேயும் வலைபோல் வெளிச்சக் கோடுகள். காந்தப்புலம் சேர்ந்து நிற்கும் இடங்கள்தான் அப்படி ஒளிரும். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்து வருகிறார்கள். ‘பழைய படம், அதான் சொரசொரப்பு’ என்று நான் பிள்ளைகளிடம் சொல்லி வந்தேன்.

அந்த மாணவனுக்குப் போன் போட்டேன். இப்போது ஜொகூர் பாருவில் வேலை.

“தம்பி, நீ அன்னைக்கு எழுதினதுதான் சரி.”

சிரித்தான். “எனக்கு அப்பவே தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க கேட்கலையே சார்.”