விளக்கு சொல்வது பாதி

வாகனம் ஓட்டும் பெண்கள் எமது பிரதேசத்தில் இன்று ஏராளம். ஆனால் அந்த வாகனம் பழுதாகிக் கராஜுக்குப் போனால், அங்கே பேசுவதற்கு ஓர் ஆணைத் தேடும் நிலை இன்னும் மாறவில்லை. "எஞ்சின் லைற் எரியுது" என்று சொல்வதோடு எமது பங்கு முடிந்துவிடுகிறது. மீதியை அவர்கள் சொல்வார்கள். நாம் காசு கொடுப்போம். எமது நிறுவனத்தின் பழைய கார் இது பற்றிக் கற்றுத்தந்த சில விடயங்களை வாசகிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அது 1993ஆம் ஆண்டின் ரொயோட்டா கொரொல்லா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் இத்தகைய பழைய கார்களை நம்பியே பலரும் இருந்தோம். 2022 ஓகஸ்டில் கியூ.ஆர். முறையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல்தான். ஒரு லீற்றர் 450 ரூபா. அந்த இருபது லீற்றரில்தான் மட்டக்களப்பிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக் கிராமங்களுக்கு வீட்டுத் தரிசிப்புக்குப் போய்வர வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வழமையை விடக் கூடுதலாகப் பெற்றோல் குடிக்கத் தொடங்கியது. பின்னால் கரும்புகை, பெற்றோல் மணம். எஞ்சின் லைற் இடைக்கிடை எரிந்து அணைந்தது. வாரத்தில் நான்கு நாள் போன நாங்கள் மூன்று நாளோடு நிற்க வேண்டியதாயிற்று. விடுபடும் அந்த ஒரு நாளில் யாரை விடுவது? படுக்கையில் கிடக்கும் தாயையா, அடிபட்டுத் தாய்வீடு திரும்பியிருக்கும் பிள்ளையையா?

முதலில் போன கராஜில் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "கொம்பியூட்டர் போயிற்று, மாத்தோணும்" என்றார்கள். சொன்னதும் என்னிடமல்ல, எமது சாரதி அண்ணனிடம். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இதெல்லாம் உங்களுக்கு விளங்காது மிஸ்" என்பதே பதில். கேட்ட தொகையோ எமது பல மாத வாகனச் செலவுக்குச் சமம். காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்துக் காட்டியது வயதான ஒரு மெக்கானிக் ஐயாவிடம். அவர் முதலில் செய்தது சோதனை. இன்றைய கார்களில் செருகிப் பார்க்கும் ஸ்கேனர் இந்தக் காருக்குப் பொருந்தாது. அக்காலத்து ரொயோட்டா கார்களில் எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் ரி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் எஞ்சின் லைற் மினுங்கும். பழுது பதிவாகியிருக்காவிட்டால் ஒரே சீராக மினுங்கும். எமது கார் இரண்டு தடவை மினுங்கி, சற்று நின்று, மீண்டும் இரண்டு தடவை மினுங்கியது. அது இலக்கம் 22. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் சுற்றில் கோளாறு என்று அர்த்தம்.

அப்படியானால் சென்சரை மாற்றினால் சரிதானே என்று கேட்டேன். "விளக்கு சொல்லுறது எந்தப் பக்கம் தேடோணும் எண்டுதான் மகள். எந்தச் சாமானை வாங்கோணும் எண்டு அது சொல்லாது" என்றார்.

பின்னர் விளங்கப்படுத்தினார். அந்தச் சென்சர் குளிரில் கூடிய மின்தடையும் சூட்டில் குறைந்த மின்தடையும் காட்டும். 20 பாகை செல்சியசில் 2 முதல் 3 கிலோ ஓம். 80 பாகையில் 200 முதல் 400 ஓம். மல்ரிமீற்றரால் குளிரிலும் சூட்டிலும் அளந்தார்; சென்சர் சுகமாகவே இருந்தது. அடுத்து வயரையும் சேர்த்து அளந்து, பிளக்கை மெல்ல அசைத்தார். மீற்றரின் இலக்கம் துள்ளியது. பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. முப்பது வருட வயதும் எமது கடற்காற்றும் செய்த வேலை அது. களிம்பினால் தடை கூடியதும், சூடான எஞ்சினைக் குளிராக இருப்பதாகக் கொம்பியூட்டர் எண்ணிப் பெற்றோலை அள்ளி ஊற்றியிருக்கிறது. டாஷ்போட்டில் வெப்பம் காட்டும் முள்ளுக்கு வேறு சென்சர் என்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை.

மாற்றியது பிளக் ஒன்றைத்தான். பழைய பதிவை அழிக்க ஈ.எப்.ஐ. பியூசைக் கழற்றிப் போட்டார். லைற் மறுபடி எரியவில்லை. அடுத்த வாரமே நான்காவது நாளும் படுவான்கரைக்குப் போனோம்.

சகோதரிகளே, நாம் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வயர் இணைக்கும் வேலையை அறிந்தவரிடமே விடுங்கள். துளை மாறினால் வேறு பழுது வரும். ஆனால் கேள்வி கேட்பது எமது உரிமை. என்ன இலக்கம் வந்தது? சென்சரை அளந்து பார்த்தீர்களா? வயரையும் பிளக்கையும் பார்த்தீர்களா? கழற்றிய பழைய பாகம் எங்கே? இந்த நான்கையும் காசு கொடுக்குமுன் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் இவற்றுக்குக் கோபிக்க மாட்டார். விளங்காது என்று சொல்பவரிடம், விளங்கும்படி சொல்லுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போவதில் வெட்கம் எதுவுமில்லை.