வரப்பும் மடையும்

மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருவட்டம் ஒன்று உண்டு. கைவினைஞர் சோற்றையும் இரும்புத்தாது கலந்த கல்தூளையும் பிசைந்து, மெல்லிய படலங்களாகப் பூசுவர். ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்து, தட்டி, செவியால் ஓர்ந்து அதனை உருவாக்குவர். அந்தக் கருவட்டம் எதற்காக? இவ்வினாவிற்கு விடை கூற வேண்டியவர் யார்? இசைவாணரா, இயற்பியலாளரா, கருவி செய்பவரா?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் இவ்வினாவைத் தம் ஆய்வகத்திற்கு எடுத்துச் சென்றார். 1920ஆம் ஆண்டு, சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் ஆய்வு முடிவை வெளியிட்டார். இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் பிறக்கும் மேற்சுரங்களின் அதிர்வெண்கள், அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என ஒழுங்கின்றி அமையும். ஆதலால் சுருதி தெளிவுறுவதில்லை. நடுவில் பூசப்பெற்ற கருவட்டமோ தன் எடையால் அவற்றை 2, 3, 4, 5 என முழு மடங்குகளுக்கு நெருங்கச் செய்கிறது. தோற்கருவி, நரம்புக் கருவியைப் போல் சுருதியோடு இசைப்பது இதனால்தான். கைவினைஞரின் விரல்கள் அறிந்திருந்ததை இயற்பியல் எண்களால் உணர்த்தியது.

அன்று தனியொருவரின் வேட்கையாக இருந்த இத்தகைய தேடலுக்கு, இன்று பல்துறை ஆய்வு முதுகலைப் படிப்புகள் இடம் தருகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிக்கோலஸ் நெக்ரோபாண்டேயும் ஜெரோம் வைஸ்னரும் நிறுவிய ஊடக ஆய்வகம் 1985இல் தொடங்கப்பெற்றது. அங்கு முதுகலை பயில்வோர் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, கருவியொன்றையோ மென்பொருளையோ உருவாக்கிச் சோதித்து, ஆய்வேடு அளிக்கின்றனர். அங்குப் பணியாற்றும் இசையமைப்பாளர் டாட் மேக்கோவர், செல்லோ கலைஞர் யோ-யோ மாவுக்காக 1991இல் புதுமையான செல்லோ ஒன்றை அமைத்தார். வில்லின் அசைவையும் மணிக்கட்டின் வளைவையும் உணரிகள் அளந்தன. கணினி அவற்றை இசையாக விரித்தது. பள்ளிச் சிறுவர் விளையாட்டாய் நிரல் எழுதப் பயன்படும் 'ஸ்கிராட்ச்' மொழியும் அவ்வாய்வகத்தில் பிறந்ததே.

'அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்' என்பது முன்னோர் மொழி. பல துறைகளைத் தொடுபவர் எதிலும் ஆழங்காண மாட்டார் என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வையம் புறந்தள்ளத் தக்கதன்று. அதிர்வுகளின் கணக்கில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதிருந்தால் இராமனுக்கு மிருதங்கம் வெறும் வியப்பாகவே நின்றிருக்கும். ஆகவே பல்துறை ஆய்வு என்பது வரப்புகளை அழிப்பதன்று. தன் வயலை ஆழ உழுதபின், அடுத்த வயலுக்கு நீர் பாய மடை திறப்பதாகும். பிற துறையினரின் சொற்களைப் பொறுமையுடன் கற்பதும், தனக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்வதும் அதற்கு வேண்டிய பண்புகள்.

பதினோராம் வகுப்பில் மாணவர் ஒரு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அறிவியல் பிரிவில் சேர்ந்தவர் ஓவியத்தை மறப்பதும், கலைப்பிரிவில் சேர்ந்தவர் கணக்கைக் கண்டு அஞ்சுவதும் அன்றே தொடங்கிவிடுகின்றன. தேர்ந்தெடுத்த பிரிவு அவர் நிற்கும் வயலே. ஊரின் எல்லை அன்று. கருவட்டத்தைத் தேய்த்துச் செவிசாய்க்கும் கைவினைஞர், தாம் செய்வது கலையா அறிவியலா தொழில்நுட்பமா எனப் பிரித்துப் பார்ப்பதில்லை. சுருதி சேரும் வரை தேய்க்கிறார்.