சாக்கெட் மாற்றினால் போதாது

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரி முனையமும் தொழிற்பேட்டையும் இருப்பதால், வண்டி வயரிங் தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. நான் போன பட்டறையில் அன்று வேலைக்கு நின்றது ஒரு கேரவன். சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிற வண்டி. நிற்கிற இடத்தில் வெளியிலிருந்து கரண்ட் எடுக்க அதில் 16 ஆம்பியர் இணைப்புதான் இருந்தது. அதை 32 ஆக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் சுவரில் சாக்பீஸால் கணக்கு எழுதிக் காட்டினார். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். வண்டிக்குள் ஒரு டன் ஏசி இரண்டு, 2000 வாட் கீசர், 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு. எல்லாம் சேர்ந்து ஓடினால் சுமார் 6200 வாட், 27 ஆம்பியர்.

“எம்சிபிய மட்டும் பெரிசா போட்டுக் குடுங்கன்றாங்க சார். அப்ப டிரிப் ஆவாது, ஒயர்தான் எரியும்” என்றார். எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச்.

பழைய கேபிள் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). 30 மீட்டர் கேபிளில் 27 ஆம்பியர் ஓடினால் 13 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 350 வாட் கேபிளுக்குள்ளேயே சூடாக மாறும். பாதியைச் சுருட்டி வண்டிக்கடியில் போட்டுவைப்பது வழக்கம். சுருளுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும். 6 ஸ்கொயர் செம்புக் கேபிளில் இழப்பு 5 வோல்ட் சொச்சம்தான்.

கேபிளைவிட முனைகளில்தான் அவர் நேரம் செலவழித்தார். வெள்ளீயம் பூசிய செம்பு லக்கில் இழைகளை ஒன்று விடாமல் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, பிறகு பலம்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். கடல் காற்றில் வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும். அங்கேதான் முதலில் கருகும். நீல நிற மூன்று முள் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டை மாட்டியது கடைசியில், சில நிமிட வேலை. உள்ளே டபுள் போல் எம்சிபி வைத்தார். போகிற இடத்தில் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து வெட்டினால்தான் வண்டிக்குள் கரண்ட் முழுதாக நிற்கும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது எர்த் வேலைதான். கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது. பேஸ் ஒயர் உரசி பாடியில் பட்டால் அந்தக் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுகிற லைட்மேனோ டீ கொண்டுவரும் பையனோதான் அடிபடுவார். அதனால் சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டி, மின்னும் இரும்பு தெரிந்த பிறகே எர்த் போல்ட்டை முறுக்கினார். கூடவே, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. முடித்ததும் உதவியாளரைக் கூப்பிட்டு, “டெஸ்ட் பட்டன அமுக்குடா தம்பி” என்றார். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டு இன்னொரு முறை அமுக்கச் சொன்னார்.

கேரவன் வைத்திருப்பவர்களும் படப்பிடிப்பு மேலாளர்களும் ஒன்று செய்யலாம். புது இடத்தில் பிளக் போட்டதும், யாரும் படியேறுவதற்கு முன், எர்த் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். அந்தப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். உள்அலங்காரத்துக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் நீங்கள், இந்த வேலை செய்கிறவரின் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.