விடிவெள்ளியும் சிவப்பு அட்டையும்

1969 மே மாதம் கோலாலம்பூரில் கலவரம் மூண்டபோது, பாரிட் புந்தாரை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் எங்கள் கோயில் அதோடு மூடிப்போனது. கோயில் என்றால் தகரக் கூரை போட்ட கொட்டகை. உள்ளே வேளாங்கண்ணி மாதா படமும் ஒரு மரச் சிலுவையும். பூசை வைக்கச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துபவர் உபதேசியார் தாத்தா. வார நாட்களில் அவரும் பால்வெட்டுக்காரர்தான். ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும் சாம்பிராணி மணமும் அவர்மேல் கலந்து வீசும். எது முந்தி வருகிறது என்பதை வைத்தே, அன்று ஞாயிறா வேலைநாளா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கிராணி வீட்டு ரேடியோவில் செய்தி வந்த இரவு நினைவிருக்கிறது. விளக்கை அணை என்றார்கள், அணைத்தோம், பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள், ரோட்டில் லாரிச் சத்தம், யார் லாரியோ தெரியவில்லை, அப்பா பால்வெட்டும் உளியைக் கையில் எடுத்தார், லாரி நிற்காமல் போனது. மறுநாள் ஊரடங்கு. கூட்டம் கூடக்கூடாது. செபக்கூட்டமும் கூட்டம்தான்.

ஊரடங்கு தளர்ந்தபின், விடியற்காலையில் தாத்தா எங்களை இருவர் மூவராகத் தோட்டத்தின் எல்லைக்கு அழைத்துப் போனார். ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் கிரியான் வயல்வெளி தொடங்கும். 1906இல் கட்டிய புக்கிட் மேரா ஏரியிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாக வரும் தண்ணீர். நாற்றுக்கு முன் வயலில் முதல் தண்ணீர் ஏறும்போது எழும் சேற்று மணம் வீடுவரை வரும். விடிவெள்ளி இன்னும் மறைந்திருக்காது. மாதா பிரார்த்தனையில் நாம் கூப்பிடுகிற விடிவெள்ளி அதுதான் என்று அவர் காட்டும்வரை, அது வானத்தில் இருக்கும் பொருள் என்றே எனக்குத் தெரியாது.

செபமாலையைக் கையில் எடுக்க விடமாட்டார். ஒவ்வொரு மணிக்கும் நாங்கள் ஓர் உயிரைக் காட்ட வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. முதல் பத்து மணி எளிது: கொக்கு, மீன்கொத்தி, எருமை, செப்பாட் மீன். இரண்டாம் பத்தில் குனிய வேண்டியிருக்கும். மூன்றாம் பத்தில் தானாகவே முழங்காலில் நிற்போம். நண்டு வளை வாயில் உருட்டிப் போட்ட மண் உருண்டைகள். நெல் தாளில் ஒட்டியிருக்கும் தும்பியின் உரித்த தோல். முதுகில் ஒரு கீறல், உள்ளே ஒன்றுமில்லை. தாத்தா அதைத் தொடவிடவில்லை. "கல்லறை காலியா இருக்கு பாருடா," என்றார். உயிர்ப்பைப் பற்றி அதன்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். எனக்கு இன்றும் அந்தத் தோல்தான்.

அதன்பிறகு சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் முறை வந்தது. குடியுரிமை இல்லாத அவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது அரசாங்கம். சுதந்திரம் வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியும் மனுப் போடாதவர்கள் தோட்டத்தில் ஏராளம். எழுத்தறிவில்லை, பிறப்புப் பத்திரமில்லை, ஒருநாள் சம்பளத்தை விட்டு ஆபீஸ் வாசலில் நிற்கவும் முடியாது. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் இரண்டு முகம் தெரியும்.

பாரிட் புந்தார் ஸ்டேஷனில் தாத்தா தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பட்டர்வொர்த்வரை ரயில், பினாங்கிலிருந்து ரஜூலா கப்பல், நாகப்பட்டினத்தில் இறக்கம். "அங்கேருந்து வேளாங்கண்ணி பக்கந்தான். மாதா வீட்டுக்குத்தானே போறோம்," என்று எல்லோரையும் தேற்றினார். பாட்டி பேசவில்லை. அவர் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு பிள்ளைகளை இங்கேயே புதைத்தவர். வெற்றிலைச் சிவப்பு காய்ந்த உதடு, மூக்குத்தி இல்லாத மூக்குத்தித் துளை. மூக்குத்தியை விற்றுத்தான் டிக்கெட் எடுத்தார்கள். ரயில் கிரியான் ஆற்றுப் பாலத்தில் ஏறும்வரை அவர் முகம் வயல் பக்கமே திரும்பியிருந்தது.

கொட்டகையைப் பிறகு யாரும் திறக்கவில்லை. நான் தனியாக வயலோரம் போவேன். கோபத்தில்தான் எண்ணத் தொடங்குவேன். மூன்றாம் பத்துக்குள் கோபம் அழுகையாகும். அழுகைக்குப்பின் பக்கத்தில் ஒருவர் நிற்பதுபோல ஒரு தெம்பு வரும். அது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் இதைச் சொன்னால், "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று முடித்துவைக்கிறவர்கள் உண்டு. அந்த முடிப்பை நான் ஏற்கமாட்டேன். வயலை அழகாகப் படைத்தவர் ஆண்டவர். பாட்டியின் மூக்குத்தியை விற்க வைத்தவர் அவரல்லர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. தாத்தா படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தோட்டம் இப்போது செம்பனைக் காடு. குலை வெட்டுவது வங்காளதேசத்துப் பிள்ளைகள்; அவர்களும் பெர்மிட்டில் வந்தவர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் சிலரை அந்த எல்லைக்கு அழைத்துப் போகிறேன். போன மாதம் ஒரு சின்னப் பெண் ஒன்பது உயிர்வரை எண்ணி வந்து திணறினாள். செம்பனை நிழலில் ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். "தாத்தா, அவரைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டாள்.

சேர்த்துக்கொள்ளலாம், பெயரையும் கேட்டு வா என்றேன். ஓடினாள்.