இடிக்காமல் திருத்திய வீடு

அம்மாவின் சீதன வீட்டுக்கு, நெல்லியடியில் அந்தக் காலத்தில் கட்டிய பல கல்வீடுகளைப்போல, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், பனஞ்சிலாகை, ஓட்டுக்கூரை. 1987 மே கடைசியில் வடமராட்சியில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் பின்னறையும் குசினியும் செல் விழுந்து சிதறின. அப்பா அவற்றைத் திரும்பக் கட்டியது தொண்ணூறுகளில். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோயிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் சீமெந்து வரத் தடை. இடிந்த கல்லையே பொறுக்கி, களிமண்ணும் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பினார். செல் சிதறலுக்குப் பயந்து யன்னலைச் சிறிதாக விட்டார். பகலிலும் விளக்கு வைத்துத்தான் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, உதை இடிச்சுப்போட்டுப் பிளாற் அடிச்சால் வேலை சுகம்," என்றார் வீட்டைத் திருத்த நான் கூப்பிட்ட மேசன் அண்ணை. வெளிநாட்டு உறவுகளுக்கும் அதுதான் விருப்பம். எனக்கு மனம் வரவில்லை. சித்திரை வெயிலைக் குடித்த கொங்கிறீற் தட்டு நடுச்சாமத்திலும் அனல் கக்கும். ஓட்டுக்கூரை அந்தியிலேயே ஆறிவிடும்.

யன்னலை அகலமாக்கச் சுவரை வெட்டினோம். உளி பட்டதும் சாந்து பொடியாகக் கொட்டியது. உள்ளே சுண்ணக்கல், உடைந்த ஓடு, செங்கல் துண்டு, கையில் அகப்பட்டதெல்லாம் இருந்தன. இப்படிப்பட்ட சுவரில் அவசரம் ஆகாது. முட்டுக் கொடுத்து, முதலில் லிண்டலை ஏற்றி, அது இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும் என்றேன். சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுவர் உப்புப் பூத்து உதிரும்.

முழங்கால் வலியோடு அம்மா இரவில் வளவுக் கோடிவரை நடக்கக்கூடாது என்பதற்காக அறையோடு சேர்த்து ஒரு ரொயிலற் வைத்தோம். கிணற்றுப் பக்கம் வைத்திருந்தால் குழாய்ச் செலவு குறைந்திருக்கும். ஆனால் எங்கள் காலடியில் இருப்பது வெடிப்பும் பிளவுமான சுண்ணக்கல். கழிவு அதன் வழியே நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகவே சொல்லிவருகிறார்கள். எங்கள் கிணற்றுக்கு மட்டுமா, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் நாங்கள்தான் பொறுப்பு. அதனால் மறுபக்கம், இரண்டு கிணற்றுக்கும் எட்டவாக, அடி கசியாத செப்ரிக் ராங் கட்டினோம். வீடு திருத்துகிற எவரும் தரைக்கு மாபிள் பார்க்கக் கடைக்குப் போகமுன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கூரை பிரித்தபோது சில சிலாகைகளின் நுனியை மட்டும் கறையான் அரித்திருந்தது. முற்றிய பனைகள் எத்தனையோ போர்க்காலத்தில் பங்கர்களுக்குத் தறிபட்டுப் போயின. அந்த வைரம் இப்போது இலேசில் கிடைக்காது. அரித்ததை வெட்டிவிட்டு, மிஞ்சியதை ரொயிலற்றுக்குப் போகும் சின்ன விறாந்தைக்குப் போட்டோம். ஓடு போதவில்லை. கரவெட்டியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கி மேய்ந்தோம்.